துப்பாக்கியில் இருந்து மரத்துக்கு: அமெரிக்க மான் வேட்டையில் ஆபத்து இடம் மாறிய கதை

1/
அமெரிக்காவுல மான் வேட்டை சீசன்ல அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு என்ன ஆகியிருக்கும்? யாரைக் கேட்டாலும் "குண்டடி"ன்னுதான் சொல்வாங்க. ஒஹாயோ மாநிலத்தில் இரண்டு பெரிய விபத்து சிகிச்சை மையங்களின் டாக்டர்கள் பத்து வருடப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில் மொத்தம் 130 பேர். குண்டடி பட்டவர்கள் 29%. உயரத்தில் இருந்து விழுந்தவர்கள் 50%.

2/
விழுந்தவர்களில் 92% பேர் விழுந்தது ஒரே மாதிரி இடத்தில் இருந்துதான். மரத்தில் மாட்டி உட்காரும் ட்ரீ ஸ்டாண்ட். நம்ம பாஷையில் பரண்.

ஒரு சின்ன இருக்கை எப்படி துப்பாக்கியை விட அதிகம் பேரைப் படுக்க வைத்தது? கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வாங்க.

3/
முதல்லயே சொல்லிடறேன். இந்தியாவில் மான் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே பேசப்போவது லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வைத்து வேட்டையை அனுமதிக்கும் அமெரிக்காவைப் பற்றி. ஆனால் கடைசியில் நம்ம தென்னந்தோப்புக்கும் வந்து சேருவோம். காரணம் இருக்கு.

4/
பரண் நமக்குப் புதுசில்லை. தினைப்புனத்தில் கிளி விரட்ட வள்ளி நின்றது பரண் மேலேதான். சங்கத் தமிழில் அதற்கு இதணம் என்றும் பெயர். வட இந்தியாவில் புலி வேட்டைக்குக் கட்டிய மச்சான் இன்னொரு வகை. உயரத்தில் இருந்தால் தூரம் தெரியும், கீழே வரும் விலங்கு நம்மைப் பார்க்காது. இந்தப் புத்தி எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. அமெரிக்கா செய்தது ஒன்றுதான்: பரணைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பொருளாக மாற்றியது.

5/
கதையை 1900-ல் தொடங்கணும். அப்போது அமெரிக்காவில் வெண்வால் மான் கிட்டத்தட்ட காலி. சந்தைக்கு இறைச்சியும் தோலும் விற்பதற்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில், மிஞ்சியது சுமார் 3 முதல் 5 லட்சம் என்பது மதிப்பீடு. பல மாநிலங்களில் ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரு மானைக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

6/
அந்த ஆண்டே லேசி சட்டம் வந்தது. திருட்டுத்தனமாக வேட்டையாடியதை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பது குற்றமானது. 1937-ல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். துப்பாக்கி, தோட்டா மீதான வரிப்பணம் வனவிலங்கு மீட்புக்கே போகணும்னு ஏற்பாடு. மான்களைப் பிடித்து இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். விவசாயம் கைவிட்ட நிலங்கள் மறுபடி புதராகி காடானது. ஓநாய்களோ பெரும்பாலான இடங்களில் ஏற்கனவே அழிந்திருந்தன. இன்று வெண்வால் மான் சுமார் 3 கோடி.

7/
மான் பெருகியதும் வேட்டைக்காரர்களும் பெருகினார்கள். கூடவே விபத்தும். ஒருத்தரை ஒருத்தர் மான் என்று நினைத்துச் சுடுவது, வேலி தாண்டும்போது துப்பாக்கி வெடிப்பது, இப்படி.

இதற்கு இரண்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்று, பாடம். 1949-ல் நியூயார்க் மாநிலம் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. இரண்டாவது, ஆரஞ்சு சட்டை.

8/
கண்ணைக் கூசவைக்கும் அந்த ஆரஞ்சு சட்டையைப் பார்த்தால் மான் ஓடிடாதா? ஓடாது. நம் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டுதான். சிவப்புப் பக்கத்து நிறங்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் வகை அதற்கு இல்லை. நமக்குத் தீ மாதிரித் தெரியும் ஆரஞ்சு, மானுக்கு இலைக்கூட்டத்தோடு கரைந்துபோகும். சக மனிதனுக்கு மட்டும் தெரிகிற எச்சரிக்கைப் பலகை! பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு மலிவான, இவ்வளவு அழகான தீர்வுகள் அபூர்வம்.

9/
பாடமும் சட்டையும் வேலை செய்தன. துப்பாக்கி விபத்துகள் குறைந்தன. அதே காலகட்டத்தில்தான் வேட்டைக்காரர்கள் மெதுவாக மரத்தில் ஏறத் தொடங்கினார்கள். அதற்குக் காரணம் வில்.

10/
1934-ல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று தனியாக மான் சீசன் திறந்தது. துப்பாக்கிக்காரர் நூறு மீட்டருக்கு அப்பால் நின்றாலும் சுடலாம். வில்காரர் இருபது முப்பது மீட்டருக்குள் போகணும். அந்தத் தூரத்தில் மானுக்கு உங்கள் வாசனை தெரியும், இலை மிதிபடும் சத்தம் கேட்கும், இமைத்தால்கூடத் தெரியும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள்.

11/
1969-ல் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவருக்கு காம்பவுண்ட் வில்லுக்கான காப்புரிமை கிடைத்தது. நுனிகளில் சக்கரம் வைத்த வில். நாணை முழுசாக இழுத்த பிறகு கையில் தாங்கும் பாரம் சட்டென்று குறைந்துவிடும். சாதா வில்லில் இழுத்துப்பிடித்துக் காத்திருக்க பெரிய தோள்பலம் வேணும். இதில் சராசரி ஆளும் குறிபார்த்து நிற்கலாம். அடுத்த சில வருடங்களில் வில்வேட்டை லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கானது.

12/
மானின் உலகம் பெரும்பாலும் தரைமட்டத்தில்தான். கண்கள் தலையின் இரு பக்கமும், கண்பாவை படுக்கைவாக்கில். அடிவானத்தை ஒரே பார்வையில் அள்ளிவிடும். தலைக்கு மேலே அதற்கு அவ்வளவு கவனம் இல்லை. 15, 20 அடி மேலே இருந்தால் வேட்டைக்காரனின் வாசனையும் பெரும்பாலும் அதன் மூக்குக்கு மேலேயே காற்றோடு போய்விடும். வில்காரனுக்குப் பரண் ஒரு சலுகை மாதிரி. மிச்சிகன் போன்ற இடங்களில் துப்பாக்கிக்காரர் பரண் ஏறுவது நெடுங்காலம் சட்டப்படி தடை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கணும்.

13/
ஆரம்பத்தில் எல்லாம் கைவேலை. இரண்டு கிளைக்கு நடுவே பலகை, ஆணி, கயிறு. வருடம் முழுக்க மழையிலும் பனியிலும் கிடந்து உளுத்துப்போகும். அடுத்த சீசனில் அதிகாலை இருட்டில் அதே பலகையில் கால் வைப்பார்கள். மேற்கொண்டு நான் சொல்லவேண்டாம்.

14/
பிறகு வந்ததுதான் இந்த இழையின் நாயகன், ஏறும் பரண். கிளைம்பிங் ஸ்டாண்ட். ஏணி வேண்டாம், ஆணி வேண்டாம். முதுகில் சுமந்து போய், பிடித்த மரத்தில் மாட்டி, அதோடு சேர்ந்து நீங்களும் மேலே ஏறலாம். ஜார்ஜியா மாநிலத்தில் வால்டோஸ்டாவில் தயாரான பேக்கர் பரண் இதில் முதலில் பெரிய பேர் வாங்கியது. 1970-களில் தென் மாநிலங்களில் ஏறும் பரணுக்கே அதுதான் பெயர் என்கிற அளவுக்கு.

15/
அது எப்படி நிற்கிறது? எளிமையான நெம்புகோல். மரத்தைச் சுற்றி ஒரு வளையம். முன்பக்கம் நீங்கள் நிற்கும் மேடை, பின்பக்கம் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி. மேடையின் வெளி விளிம்பில் உங்கள் எடை இறங்கும்போது வளையம் சாய்ந்து, மேடையின் உள்விளிம்பும் பின்பக்கக் கம்பியும் எதிரெதிர்ப் பக்கத்தில் பட்டையைக் கடிக்கும். எடை கூடக் கூடப் பிடி இறுகும். எடையை எடுத்தால் பிடி விடும், அப்போது மேலே நகர்த்தலாம்.

16/
இந்த அழகுக்குள்ளேயேதான் ஆபத்தும். பிடி உங்கள் எடையை நம்பி இருக்கிறது. பாரம் வெளிவிளிம்பில் இல்லாமல் மரத்தை ஒட்டி விழுந்தால், நெம்புகோல் தளர்ந்து மேடை சறுக்கும்.

தொடக்ககால ஒற்றை மேடை வகையில் ஏறுவதற்கு மரத்தை இரு கையாலும் கட்டிப்பிடித்து, கால்களால் மேடையைத் தூக்கணும். அந்த நேரத்தில் மேடை நழுவினால் உங்களுக்கு மிச்சம் இருப்பது மரமும் கைகளும்தான். சட்டை கிழிய, நெஞ்சுத்தோல் உரிய, மரத்தோடு தேய்ந்துகொண்டே இறங்கவேண்டியதுதான்.

17/
அதனால் இரண்டு பாகமாகப் பிரித்தார்கள். மேலே இருக்கை, கீழே கால்மேடை. இருக்கையில் உட்கார்ந்து கால்மேடையைத் தூக்கு, கால்மேடையில் நின்று இருக்கையைத் தூக்கு. கம்பளிப்புழு நகர்வது மாதிரி. ஏதாவது ஒன்று எப்போதும் மரத்தைக் கடித்துக்கொண்டு இருக்கும். பெரிய முன்னேற்றம். ஆனாலும் மனிதனை மரத்தோடு கட்டும் கயிறு இன்னும் கதைக்குள் வரவில்லை.

18/
1989-ல் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தன் வாராந்திர அறிக்கையில் ஜார்ஜியா மாநிலக் கணக்கை வெளியிட்டது. 1979 முதல் 1989 வரை பதிவான மான் வேட்டைக் காயங்கள் 594. அதில் 214, அதாவது 36%, பரண் சம்பந்தப்பட்டவை. காலராவையும் எய்ட்ஸையும் பற்றி எழுதுகிற அதே அறிக்கையில் மரப்பரணுக்கு இடம் கிடைத்தது என்றால் விஷயம் எந்த அளவுக்குப் போயிருக்கணும்னு யோசிங்க.

19/
இப்போ நம்ம டிபார்ட்மென்ட். 20 அடியில் இருந்து விழுந்தால் தரையைத் தொட சுமார் 1.1 விநாடி. "ஐயோ" என்று முழுசாகச் சொல்ல முடியாது. தரையில் மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கி.மீ. பைக்கில் அந்த வேகத்தில் போய் நேராகச் சுவரில் முட்டுவதுக்குச் சமம்.

20/
காலை ஊன்றி விழுந்தால் அதிர்ச்சி குதிகாலில் தொடங்கி முழங்கால், இடுப்பு வழியாக முதுகுத்தண்டுக்கு ஏறும். விறைப்பான மார்புப்பகுதித் தண்டு, வளையக்கூடிய இடுப்புப்பகுதித் தண்டோடு சேரும் இடம்தான் அதிகம் நொறுங்கும். எலும்புச்சில்லு பின்னால் தள்ளி நரம்புத்தண்டை அழுத்தினால் கால் செயலிழக்கும், சிறுநீர் மலக் கட்டுப்பாடு போகும். உயரத்தில் இருந்து விழுந்து குதிகால் உடைந்து வந்தவருக்கு முதுகையும் எக்ஸ்ரே எடுக்கணும்னு ஹவுஸ் சர்ஜன் காலத்திலேயே சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

21/
ஒஹாயோ கணக்கும் அப்படியே ஒத்துப்போகுது. பரணில் இருந்து விழுந்தவர்களில் முதுகெலும்பு முறிவு 59%, கால் எலும்பு முறிவு 47%, கை எலும்பு முறிவு 18%, தலைக்காயம் 18%. விழுந்தவர்களில் 81% பேருக்கு அறுவை சிகிச்சை. 8.2% பேருக்கு நிரந்தர நரம்புப் பாதிப்பு.

"குடிச்சிட்டு ஏறியிருப்பாங்க" என்று நினைக்கிறவர்களுக்கு: அந்த ஆய்வில் மது சம்பந்தப்பட்டது வெறும் 2.3%. நிதானமாக இருந்தவர்கள்தான் விழுந்தார்கள்.

22/
இதற்கான முதல் தீர்வு, இடுப்பில் ஒரு பெல்ட். சொன்னால் நம்பமாட்டீங்க, அது இன்னொரு வகை ஆபத்தாச்சு. விழும்போது பெல்ட் இடுப்பில் இருந்து மேலே ஏறி விலாவுக்குக் கீழே இறுகும். உதரவிதானம் அசையாது, மூச்சு திணறும். சிலர் தலைகீழாகவும் தொங்குவார்கள். தரையில் விழாமல் பெல்ட்டிலேயே உயிர் போகலாம்.

23/
கட்டுமானத் தொழிலில் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். விழுபவரைத் தாங்க இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவது 1998 ஜனவரி 1 முதல் அமெரிக்கக் கட்டுமானத் தளங்களில் செல்லாது. தொடை, இடுப்பு, தோள் என்று பாரத்தைப் பிரித்துத் தாங்கும் முழு உடல் ஹார்னஸ் மட்டும்தான். ஆனால் அந்தச் சட்டம் தொழிலாளிக்கு. லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குள் மரம் ஏறும் அதே தொழிலாளியை அங்கே எந்த சூப்பர்வைசரும் பார்ப்பதில்லை.

24/
2000-களில்தான் வேட்டைக்கும் வந்தது. பரண்களுக்கும் அதன் ஹார்னஸுக்கும் ஏ.எஸ்.டி.எம். தரநிலைகள் எழுதப்பட்டன. தயாரிப்பாளர் சங்கம் தன் சான்று பெற்ற ஒவ்வொரு பரணோடும் முழு உடல் ஹார்னஸைப் பெட்டிக்குள் வைத்தே கொடுக்கச் சொன்னது. பெட்டிக்குள் வருவது வேறு, உடம்பில் ஏறுவது வேறு. நம்ம ஊர் ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்குகிற கதைதான்.

25/
ஹார்னஸ் போட்டும் ஒரு சிக்கல் உண்டு. அசையாமல் செங்குத்தாகத் தொங்கினால் காலில் இறங்கும் ரத்தம் மேலே திரும்பாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் பம்ப். தொங்கும்போது அது வேலை செய்யாது. தலைசுற்றும், மயக்கம் வரும். சாதாரண மயக்கத்தில் கீழே சாய்ந்துவிடுவோம், மூளைக்கு ரத்தம் வந்துவிடும். தொங்குபவரால் சாயவும் முடியாது. நிமிடக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால்தான் காலை ஊன்றி மிதிக்க ஒரு பட்டை வைத்துக் கொடுக்கிறார்கள்.

26/
இப்படித் தொங்கியவரை இறக்கினால் உட்கார வைத்தே இருக்கணும், படுக்க வைத்தால் செத்துப்போவார் என்று ஒரு அறிவுரை உலகம் முழுக்கச் சுற்றியது. 2009-ல் பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறைக்காக நடந்த மறு ஆய்வு இதற்கு ஆதாரமே இல்லை என்றது. மயங்கியவரைப் படுக்க வைத்து வழக்கமான முதலுதவிதான். மரத்தில் இருந்து விழுந்தவரையோ முதுகு கழுத்து வளையாமல், தேவையில்லாமல் அசைக்காமல் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீங்க.

27/
சரி, அங்கே இருக்கும் உங்கள் நண்பர் ஒருவர் ஏறும் பரண் வாங்கப்போகிறார் என்று வைங்க. இவ்வளவு வரலாறும் சேர்ந்து அவருக்குச் சொல்வது இதுதான்.

மரம் முதலில், பரண் அப்புறம். நேரான, உயிருள்ள, ஏறும் உயரம் வரை கிளையில்லாத மரம் இருந்தால்தான் இந்த வகையே உதவும். தட்டுத்தட்டாகப் பட்டை உரியும் ஹிக்கரி மரத்தில் பிடி பட்டையைத்தான் கடிக்கும், மரத்தை இல்லை. பனி உறைந்த வழவழப்பான பட்டையிலும் ஏறக்கூடாது. கிளை நிறைந்த காடு என்றால் ஏணிப் பரணோ, மாட்டும் பரணோ பார்க்கலாம்.

28/
எடை வரம்பு பெரும்பாலும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. அதில் குளிர்காலத் துணி, பூட்ஸ், பை, ஆயுதம் எல்லாம் சேர்த்தி. மரம் மேலே போகப்போகச் சிறுக்கும். தரையில் சமமாக மாட்டிய மேடை மேலே போனதும் முன்னால் தலைகுனியும். கீழேயே கொஞ்சம் அண்ணாந்த மாதிரி மாட்டணும். மேல் பாகத்தையும் கீழ் பாகத்தையும் சேர்க்கும் கயிறு கட்டாயம். கால்மேடை கழன்று கீழே போனால் 20 அடியில் இருக்கையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கணும்.

29/
ஹார்னஸைத் தரையிலேயே போட்டு, கால் தரையை விடும் முன்பே மரத்தோடு இணைக்கணும். ஏறும்போது இணைப்பையும் கூடவே நகர்த்திக்கொண்டே போகணும். பல விழுதல்கள் ஏறும்போதும் இறங்கும்போதும்தான், மேலே போய் உட்கார்ந்ததும் மாட்டிக்கலாம் என்றால் லேட். வில்லையும் துப்பாக்கியையும் கையில் எடுத்து ஏறாமல், தோட்டா எடுத்த நிலையில் கயிறு கட்டி மேலே இழுக்கணும். ஹார்னஸுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் ஆயுள் ஐந்து வருடம். எங்கே போகிறோம், எப்போ வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது இலவசம்.

30/
இப்போ தென்னந்தோப்பு. கேரளாவின் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் உருவாக்கிய தென்னை ஏறும் கருவியை நீங்கள் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு காலுக்கும் ஒரு பாகம். மரத்தைச் சுற்றி ஒரு கம்பிவட வளையம். மிதித்தால் இறுகும், தூக்கினால் தளரும். மேலே 15-ல் சொன்ன அதே நெம்புகோல்! காலில் தளைநார் மாட்டிப் பனையேறிய தலைமுறைக்குப் பிறகு, மரமேற ஆள் கிடைக்காத காலத்தில் வந்த வரம் அது. அதற்குப் பாதுகாப்பு பெல்ட் இணைப்பைப் பின்னால்தான் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சேர்த்தது. ஏறும் வசதி முதலில், கட்டும் கயிறு பிறகு. அமெரிக்காவிலும் அதே வரிசைதான் நடந்தது.

31/
அங்கே விழுவது பொழுதுபோக்குக்காக ஏறியவர். இன்சூரன்ஸ் இருக்கலாம், ஹெலிகாப்டர் வரலாம். இங்கே விழுவது ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஏறியவர். எங்கள் வார்டில் முதுகெலும்பு முறிந்து படுத்திருப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டின் ஒரே சம்பாத்தியம். தென்னை வளர்ச்சி வாரியத்தில் மரமேறுபவர்களுக்கான பயிற்சியும், கேர சுரக்ஷா என்ற காப்பீடும் இருக்கு. பலருக்குத் தெரியாது.

32/
அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தேங்காய் பறிக்க வருபவர் கருவியோடு வந்தால், "பெல்ட் இருக்கா அண்ணே?" என்று கேளுங்க. இல்லை என்றால் ஒன்று வாங்கிக் கொடுங்க, சில மாதத் தேங்காய்க் காசுதான். காப்பீடு பற்றியும் சொல்லுங்க. அவர் "முப்பது வருஷமா ஏறுறேன், ஒண்ணும் ஆகலை"ன்னு சிரிப்பார். ஒஹாயோவில் அடிபட்டவர்களின் சராசரி வயதும் நாற்பதைத் தாண்டித்தான். அவர்களும் நேற்று ஏறக் கற்றவர்கள் இல்லை.

இதை அவர் வாட்ஸப்புக்கு அனுப்பிடுங்க.